தோற்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?



மூன்று ஆண்டுகளுக்கு முன் மேலூர் ரோட்டில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் ‘ஸ்டார்ட்அப் தினம்’ நடத்தினார்கள். எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்தில் இருந்து நான்கு இறுதியாண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மேடையில் பேசியவர் சென்னையில் மென்பொருள் நிறுவனம் நடத்துபவர். நன்றாகவே பேசினார். “தோல்வியைக் கண்டு பயப்படாதீர்கள். நான் மூன்று நிறுவனம் தொடங்கி மூன்றிலும் தோற்றவன். நான்காவதுதான் நின்றது” என்றார். அரங்கமே கைதட்டியது.

திரும்பும்போது ஒத்தக்கடையில் டீ குடிக்க நின்றோம். எங்கள் பசங்களில் ஒருவன் அதுவரை வாயே திறக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: “அக்கா, அவரு மூணு தடவ தோத்தாருல்ல, அப்பல்லாம் வீட்டுக்கு அரிசி யாருக்கா வாங்கிப் போட்டது?”

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமூகவியலில் முதுகலை முடித்தவள் நான். ‘சமூக மூலதனம்’ என்று பக்கம் பக்கமாகத் தேர்வில் எழுதியிருக்கிறேன். அதையெல்லாம் அவன் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டான். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான்.

கோடுக்குச் சாதி இல்லையாம்

மென்பொருள் உலகில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு வாசகம் உண்டு: கோடுக்குச் சாதி கிடையாது. அதிலும் டெவலப்பர்களுக்கான கருவிகளைச் செய்யும் தொழிலைக் காட்டி இதை இன்னும் அழுத்திச் சொல்வார்கள். அந்தத் தொழில் நடக்கும் விதம் அப்படி. நீங்கள் ஒரு கருவியைச் செய்து இணையத்தில் இலவசமாக வைக்கிறீர்கள். உலகின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் டெவலப்பர் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார். பிடித்தால் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்கிறார். ஒரு நிறுவனத்தில் ஐம்பது பேர் பயன்படுத்த ஆரம்பித்த பிறகு, பாதுகாப்புக்கும் பராமரிப்புக்கும் அந்த நிறுவனம் காசு கொடுக்கிறது. விற்பவன் முகத்தை வாங்குபவன் பார்ப்பதே இல்லை. கிட்ஹப்பில் நீங்கள் ஒரு யூசர்நேம், அவ்வளவுதான். அங்கே எங்கே வருகிறது சாதி என்பது அவர்கள் கேள்வி.

சரி, ஒரு உண்மைக் கதையைப் பார்ப்போம். போஸ்ட்மேன் என்ற கருவியைக் கணினி படிக்கும் தம்பி தங்கைகள் எல்லோரும் தொட்டிருப்பீர்கள். ஏபிஐ சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க உதவுவது. பெங்களூருவில் அபினவ் அஸ்தானா தன் பக்கவேலையாகச் செய்து, 2012இல் குரோம் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு சிறு செயலியாக இலவசமாக வெளியிட்டார். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து நிறுவனமாக ஆக்கியது 2014இல். 2021இல் ஒரே சுற்றில் 22.5 கோடி டாலர் முதலீடு வந்தது. அன்றைய மதிப்பில் 1,600 கோடி ரூபாய்க்கு மேல். நிறுவனத்தின் மதிப்பு 560 கோடி டாலர் என்றார்கள்.

அவர்கள் உழைப்பை நான் மறுக்கவில்லை. கருவி நல்ல கருவி. அந்தக் காலண்டரை மட்டும் ஒருமுறை பாருங்கள். கருவி இலவசமாக வெளியானதற்கும் நிறுவனம் ஆனதற்கும் நடுவே இரண்டு ஆண்டுகள். நிறுவனத்தைத் தொடங்கிய மூவர் ஒருவரையொருவர் எங்கே கண்டுபிடித்தார்கள்? கல்லூரியிலும், யாகூ நிறுவனத்தில் பயிற்சிக்குப் போன இடத்திலும். அஸ்தானா படித்த பிட்ஸ், சாதிவாரி இடஒதுக்கீடு இல்லாத தனியார் கல்வி நிறுவனம்.

ஆக, கருவி பிறப்பதற்கு முன்பே மூன்று விஷயங்கள் தேவைப்படுகின்றன. ஒன்று, சம்பளத்தை எதிர்பார்க்காமல் கழிக்கக்கூடிய நேரம். இரண்டு, நம்பிச் சேரும் கூட்டாளிகள். மூன்று, முதல் பத்து வாடிக்கையாளர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் தெரிந்த முகங்கள். இந்த மூன்றையும் எந்தக் கோடும் எழுதித் தராது. பிறந்த வீடும், படித்த இடமும், அங்கே கிடைத்த உறவுகளும்தான் தரும். கோடுக்குச் சாதி இல்லாமல் இருக்கலாம். கோடு எழுதக் கிடைக்கும் நேரத்துக்குச் சாதி இருக்கிறது.

சங்கிலி எங்கே தொடங்குகிறது?

நம் தமிழ்நாட்டுக் கதைக்கே வருவோம். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2009இல் ஜோஹோ ஆனது. அங்கே வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் வெளியே வந்து 2010இல் சென்னையில் ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கினார்கள். 2011இல் அக்செல் என்ற முதலீட்டு நிறுவனம் அதற்கு 10 லட்சம் டாலர் கொடுத்தது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. அதே ஆண்டில் கிரீஷ் வேறு சிலரோடு சேர்ந்து புதிய நிறுவனங்களுக்கு முதலீடு செய்யும் ‘டுகெதர்’ நிதியைத் தொடங்கினார்.

இவர்களில் யாருடைய சாதியையும் நான் இங்கே ஆராயவில்லை. ஆராய வேண்டியது சங்கிலியை. நேற்றைய ஊழியர் இன்றைய நிறுவனர். இன்றைய நிறுவனர் நாளைய முதலீட்டாளர். அப்படியானால் முதல் கண்ணியில் யார் நுழைந்தார்கள் என்பதுதான் இருபது ஆண்டுகள் கழித்து யார் கையில் பணம் இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. தனியார் மென்பொருள் நிறுவனங்களில் இடஒதுக்கீடு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கதவருகே என்ன நடந்தது என்பதைப் பற்றி ஆய்வுகள் பேசியிருக்கின்றன. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஒரே தகுதி, வேறு வேறு சாதிப் பெயர் கொண்ட விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். தலித் பெயர் இருந்த விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. 2012இல் இந்தியாவின் முன்னணி 1,000 நிறுவனங்களின் 9,052 இயக்குநர்களை ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. 93 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடி இரண்டும் சேர்ந்து 3.5 விழுக்காடு.

இதற்கெல்லாம் ‘தகுதி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சென்னை ஐஐடியை ஆராய்ந்து அஜந்தா சுப்ரமணியன் 2019இல் எழுதிய நூலைப் படியுங்கள். பரம்பரையாகக் கையில் இருந்த சாதிச் சலுகை, நுழைவுத் தேர்வு ஒன்றைத் தாண்டியதும் எப்படித் ‘தனிமனிதத் திறமை’ ஆக உருமாறுகிறது என்று அதில் காட்டுகிறார்.

கடல் கடந்தால் தொலைந்துவிடுமா? 2020 ஜூன் 30 அன்று கலிபோர்னியா மாநில அரசு சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவர் இடஒதுக்கீட்டில் ஐஐடிக்கு வந்தவர் என்பதை மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொன்னார், அவரை ஒதுக்கினார்கள் என்பது அரசின் குற்றச்சாட்டு. 2023இல் இரண்டு அதிகாரிகள் மீதான வழக்கை மாநில அரசே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கு அதன் பிறகும் தொடர்ந்தது. தீர்ப்பு எப்படியும் போகட்டும். சிலிக்கான் பள்ளத்தாக்கில் யாரும் யாரிடமும் ‘நீ என்ன ஆளு’ என்று கேட்பதில்லை என்ற கதை அன்றோடு முடிந்தது.

அண்ணலும் ஒரு நிறுவனம் தொடங்கினார்

நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி இது. கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துத் திரும்பிய அம்பேத்கர் 1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போனார். அந்த நகரத்தில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் இருந்து விரட்டப்பட்ட கதையை அவரே எழுதியிருக்கிறார். பம்பாய்க்குத் திரும்பி, பிழைப்புக்காக முதலீட்டு ஆலோசனை வழங்கும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். ரூபாயின் பிரச்சினையைப் பற்றி உலகமே படிக்கும் ஆய்வை 1923இல் வெளியிடப் போகிறவர். பங்குகள் பற்றி அவரைவிடத் தகுதியாக யார் ஆலோசனை சொல்லியிருக்க முடியும்? ஆலோசகர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். தொழில் படுத்தது.

சரக்கில் குறை இல்லை. விற்றவனின் பிறப்பில்தான் அவர்கள் குறை கண்டார்கள். தங்க இடம் மறுக்கப்பட்டது, சந்தையும் மறுக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இனி ஒத்தக்கடைத் தம்பியின் கதையைக் கேளுங்கள்.

ஒன்பது வீடு

அவன் மேலூர் வட்டாரத்தில் ஒரு காலனியைச் சேர்ந்தவன். அப்பா மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா நூறு நாள் வேலை. உதவித்தொகையிலும் கல்விக்கடனிலும் படித்தவன். கல்லூரி முடித்த ஆண்டில், சர்வரில் மலைபோலக் குவியும் லாக் ஃபைல்களைப் படித்து, பிழை முதலில் எங்கே தொடங்கியது என்று காட்டும் சிறு கருவி ஒன்றை எழுதினான். திறந்த மூல உரிமத்தில் கிட்ஹப்பில் போட்டான். அங்கே அவன் பெயர் ஒரு பறவையின் பெயரும் நான்கு எண்களும். யார் யாரோ எடுத்துப் பயன்படுத்தினார்கள், திருத்தங்கள் அனுப்பினார்கள். ஒருநாள் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. காசு தருகிறோம், இரண்டு ஆண்டுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் போட முடியுமா என்று. கோடுக்குச் சாதி இல்லை என்ற வாக்கியம் அந்த ஒருநாள் உண்மையாக இருந்தது.

மறுநாளில் இருந்து மதுரை ஆரம்பித்தது. ஒப்பந்தம் போட நிறுவனப் பதிவு வேண்டும். பதிவுக்கு முகவரி வேண்டும். காலனி வீட்டுக்குப் பட்டா இல்லை, இணையமும் நிற்காது. நகரத்தில் ஓர் அறை பார்க்கலாம் என்று அவனோடு நானும் அலைந்தேன். கே.கே. நகர், அண்ணா நகர், ஆனையூர் என்று ஒன்பது வீடு. சிலர் “நீங்க என்ன ஆளுக?” என்று நேராகக் கேட்டார்கள். சிலர் “சொந்த ஊரு எது? ஊருல எந்தத் தெரு?” என்று சுற்றி வந்து கேட்டார்கள். அட்வான்ஸ் பேசி முடித்த ஒரு வீட்டில் ஆதார் நகலைக் கொடுத்தோம். மறுநாள் சொந்தக்காரர் வருகிறார், வீடு கிடையாது என்று போன் வந்தது.

வங்கிக்குப் போனோம். கல்விக்கடன் தவணை நின்றிருந்ததால் சிபில் மதிப்பெண் இல்லை என்றார்கள். அடமானம் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அவனிடம் இருந்தது ஒரு பழைய லேப்டாப்பும், உலகத்தில் பல பேர் பயன்படுத்தும் ஒரு கருவியும். இரண்டாவதை எந்த வங்கியும் அடமானமாக எடுப்பதில்லை. ஆலோசனை கேட்கப் போன இடத்தில் ஒரு பெரியவர் அவன் கருவியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “அப்பா என்ன பண்றாரு?” என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு, “முதல்ல ஒரு நல்ல வேலையப் பாருப்பா” என்றார்.

அந்த வெளிநாட்டு நிறுவனம் நான்கு மாதம் காத்திருந்தது. அதற்குள் அக்கா கல்யாணக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய நாள் வந்தது. தம்பி இப்போது சென்னை சோழிங்கநல்லூரில் நைட் ஷிப்ட் சப்போர்ட் வேலையில் இருக்கிறான். கருவியில் ஓராண்டுக்கு மேல் எந்த மாற்றமும் இல்லை. பிழை சொல்லி எழுதியவர்களுக்குப் பதிலும் இல்லை.

மேடையில் பேசியவர் மூன்று முறை தோற்றார். இவனுக்கு ஒருமுறை தோற்கக்கூட வாய்ப்பு கிடைக்கவில்லை. தோற்க வேண்டுமானால் முதலில் ஆரம்பித்திருக்க வேண்டும் அல்லவா?

நம் பக்கத்துக்கும் இரண்டு வார்த்தை

இதை எழுதினால் நம் தோழர்கள் சிலரே கேட்பார்கள்: “ஸ்டார்ட்அப் எல்லாம் முதலாளித்துவப் பித்தலாட்டம். நாம் நிலத்துக்கும் கூலிக்கும் போராடுவோமா, பையன்களைக் கம்பெனி ஆரம்பிக்கச் சொல்வோமா?”

மேலவளவை நினைத்துப் பாருங்கள் தோழர். 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் ஏன் வெட்டினார்கள்? நாற்காலியில் உட்கார்ந்ததற்காக. அதுவரை தாங்களே முடிவெடுத்து வந்த இடத்தில் நாம் முடிவெடுக்க வந்ததற்காக. கூலி கேட்பவனைவிட, முடிவெடுக்கும் இடத்துக்கு வருபவனைப் பார்த்துத்தான் சாதி அதிகம் நடுங்குகிறது. நாளைய உலகம் எந்தக் கருவியில் ஓட வேண்டும், யாரை வேலைக்கு எடுக்க வேண்டும் என்ற முடிவுகள் இன்று மென்பொருள் நிறுவனங்களில் எடுக்கப்படுகின்றன. அந்த நாற்காலியை ‘முதலாளித்துவ நாற்காலி’ என்று சொல்லி நாமே விட்டுக்கொடுத்தால், காலங்காலமாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதைவிட வேறு மகிழ்ச்சி இல்லை.

எதிர்ப்பக்கம் இன்னொரு குரல் இருக்கிறது. பணம் வந்தால் சாதி போய்விடும், நூறு தலித் கோடீஸ்வரர்கள் போதும் என்ற குரல். தலித் இந்திய வர்த்தக, தொழில் கூட்டமைப்பு 2005இல் தொடங்கியதில் இருந்து அந்தக் குரல் வலுத்திருக்கிறது. தொழில் செய்வோருக்கு அமைப்பு தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் சிஸ்கோ பொறியாளருக்குச் சம்பளம் குறைவாகவா இருந்தது? நான்கு பேர் மேலே ஏறிய கதையைக் காட்டி, ஏணியே இல்லாத நாலாயிரம் பேரை ‘முயற்சி போதாது’ என்று சொல்வதற்கு நாம் துணைபோகக் கூடாது. நாம் கேட்க வேண்டியது ஏணியை.

என்ன கேட்க வேண்டும்?

தமிழ்நாடு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பட்டியல் சாதி, பழங்குடியினர் ஸ்டார்ட்அப்களில் முதலீடு செய்ய 2022-23இல் 30 கோடி ரூபாய் நிதி ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டு அது 50 கோடி ஆனது. அண்ணல் அம்பேத்கர் பெயரில் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது, 35 விழுக்காடு மானியம் தருகிறது. மதுரையிலேயே ஸ்டார்ட்அப் டிஎன் வட்டார மையம் இருக்கிறது. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, நம் வரிப்பணம்.

ஆனால் கணக்கையும் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு, ஏறத்தாழ 1 கோடியே 44 லட்சம் பேர். அத்தனை பேருக்கும், பழங்குடி மக்களுக்கும் சேர்த்து 50 கோடி. போஸ்ட்மேன் என்ற ஒரே நிறுவனத்துக்கு ஒரே சுற்றில் வந்தது 1,600 கோடிக்கு மேல். அளவு மட்டும் பிரச்சினை இல்லை. மானியம் வங்கிக் கடனோடு சேர்ந்து வருகிறது. கடனுக்கு வங்கி அடமானம் கேட்கிறது, இயந்திரம் எங்கே என்கிறது. மென்பொருளில் செலவே ஆட்களின் சாப்பாடும் வாடகையும்தான். முதலீட்டு நிதியோ, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனத்தைத் தேடுகிறது. அரிசி வாங்க வேண்டிய முதல் இரண்டு ஆண்டு யார் கணக்கிலும் இல்லை.

எனவே மூன்று கோரிக்கைகள்.

ஒன்று, நேரத்துக்குச் சம்பளம். முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கும் நாடு இது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையும் அந்த அளவில்தான். ஆய்வேடு எழுத ஐந்தாண்டு சோறு போடலாம் என்றால், உலகம் பயன்படுத்தும் கருவி எழுத இரண்டாண்டு சோறு போடக்கூடாதா? கடனாக அல்ல, பங்காக அல்ல, உதவித்தொகையாக. தோற்றாலும் திருப்பிக் கேட்காத தொகையாக. ஜோஹோ தன் பயிற்சிப் பள்ளியில் கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகை கொடுத்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைப் பொறியாளர்களாக்குகிறது. தனியார் நிறுவனத்துக்குப் புரிந்தது அரசுக்குப் புரியாதா?

இரண்டு, முதல் வாடிக்கையாளராக அரசு வர வேண்டும். மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டை எஸ்.சி., எஸ்.டி. சிறுதொழில்களிடம் வாங்க வேண்டும் என்று 2012 முதல் ஆணை இருக்கிறது. அந்த இலக்கு எட்டப்படாமலே ஆண்டுகள் ஓடுகின்றன. அதை எட்டவைக்க வேண்டும். மாநில அரசின் மின்னாளுமைத் துறைகள் வாங்கும் மென்பொருளுக்கும் அப்படியொரு பங்கு வேண்டும். அரசு ஆர்டர் ஒன்று கையில் இருந்தால் அடுத்த வாடிக்கையாளர் ‘நீ என்ன ஆளு’ என்று கேட்பதற்கு முன் ‘யாருக்குச் செய்தாய்’ என்று கேட்பார்.

மூன்று, இடம். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் பூங்காக்கள் இருக்கின்றன. மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அவன் அப்பா மூட்டை தூக்கும் மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே எழப்போகும் கட்டடம். அதில் நம் பிள்ளைகளுக்கு எத்தனை மேசை என்று இப்போதே கேட்க வேண்டும். திறப்பு விழா முடிந்த பிறகு கேட்டால் காவலாளி வேலைதான் மிச்சம் இருக்கும். பதிவு செய்த முகவரியோடு ஒரு மேசை கிடைத்திருந்தால் ஒன்பது வீட்டு வாசலில் அவன் நின்றிருக்க வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது

அரசு தரும்வரை கைகட்டி நிற்க முடியாது. சென்னையிலும் பெங்களூருவிலும் நம் பொறியாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பலர் யாரென்று சொல்லிக்கொள்வதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் வாரம் இரண்டு மணி நேரம் ஒரு தம்பியின் கோடைப் பார்த்துத் திருத்திக் கொடுக்க நீங்கள் யாரென்று ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நிறுவனத்தில் ஒரு கருவி தேவைப்படும்போது “இதையும் ஒருமுறை பார்க்கலாமே” என்று சொல்லலாம். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சத்தமில்லாமல் செய்துகொள்வது இதைத்தான். அதற்குத்தான் ‘நெட்வொர்க்’ என்று பெயர்.

மாணவர்களே, திறந்த மூலத் திட்டங்களுக்குப் பணம் தரும் இடங்கள் இன்று இருக்கின்றன. ஜெரோதா நிறுவனம் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்குவதாக 2024இல் அறிவித்தது. ஃபாஸ் யுனைடெட் அமைப்பும் உதவித்தொகை தருகிறது. தனியாக விண்ணப்பிக்காதீர்கள், கூட்டாக உட்கார்ந்து எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் மையத்தில் அதற்கென்றே ஒரு மேசை போட்டிருக்கிறோம்.

போன மாதம் அவனிடம் பேசினேன். “கருவிய மறுபடியும் எடுப்பியாடா?” என்று கேட்டேன். “கடன் முடிய இன்னும் பதினாலு மாசம் இருக்குக்கா. அதுக்குள்ள வேற யாராச்சும் செஞ்சிருவாங்க” என்றான். செய்துவிடுவார்கள், தெரியும். அவர்களும் ஒருநாள் மேடையேறி, தோல்விக்குப் பயப்படாதீர்கள் என்பார்கள். அந்த மேடைக்குக் கீழே நீங்கள் உட்கார்ந்திருந்தால் கைதட்டுவதற்கு முன் எழுந்து நின்று கேளுங்கள்: ஐயா, அப்போது உங்கள் வீட்டுக்கு அரிசி யார் வாங்கிப் போட்டார்கள்?

ஜெய்பீம்.